பசுமைக் கட்டடத்துக்கு யார் செலவழிப்பது? ஓர் எட்டு மாடி அலுவலகத்தில் நடந்தது

பின்னணி

எட்டு மாடி அலுவலகக் கட்டடம். கட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரு குடும்பத்தின் சொத்து. அன்றாட வேலைகளை ஒரு மேலாளரும் அவருக்குக் கீழே ஒரு பராமரிப்புக் குழுவும் பார்த்துக்கொண்டார்கள். தரைத்தளத்தில் ஒரு சிறு நிதி நிறுவனம், முதல் தளத்தில் சில சிறிய அலுவலகங்கள், இரண்டிலும் மூன்றிலும் இரவு ஷிஃப்ட் நடக்கும் ஒரு கால் சென்டர், நான்காம் தளத்தில் ஒரு தணிக்கை நிறுவனம், ஐந்து முதல் ஏழு வரை ஒரு மென்பொருள் நிறுவனம். எட்டாவது தளம் ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடந்தது.

ஒவ்வொரு வாடகைதாரரின் விளக்குக்கும் கணினிக்கும் தனி மீட்டர் உண்டு. ஏசியும் லாபி, லிஃப்ட் போன்றவையும் பொது. மொட்டை மாடியில் ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும், ஒரே அளவுள்ள இரண்டு பெரிய சில்லர்கள், தளத்துக்குத் தளம் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏ.எச்.யு. இந்தப் பொது மின்கட்டணத்தை உரிமையாளர் கட்டிவிட்டு, சதுர அடிக் கணக்கில் பிரித்துப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்து வாங்கிக்கொள்வார்.

பல கட்டடங்களில் இதே ஏற்பாடுதான். இதில் உரிமையாளர் நல்ல சில்லர் வாங்கிப் போட்டால் செலவு அவருடையது, குறையும் பில் வாடகைதாரர்களுடையது. ஒரு வாடகைதாரர் தன் தளத்தில் ஏசியைக் கவனமாகப் பயன்படுத்தினாலும் மிச்சமாவது எல்லோருக்கும் பிரிந்து போகும், அவர் கைக்கு அதில் ஒரு துண்டுதான் வரும். மின்சாரத்தை மிச்சப்படுத்தியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லை. அடுத்து நடந்ததற்கெல்லாம் வேர் இதுதான்.

மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிய ஒன்றரை ஆண்டு இருக்கும்போது அதன் தலைமையகத்திலிருந்து உரிமையாளருக்கு ஒரு கடிதம் வந்தது. தங்களுக்கு உமிழ்வுக் குறைப்பு இலக்கு இருக்கிறது, இனிமேல் பசுமைச் சான்றிதழ் பெற்ற கட்டடங்களுக்கே முன்னுரிமை என்பது அதன் சாரம். மூன்று தளங்கள் கைவிட்டுப் போகுமோ என்ற கவலையில் உரிமையாளர் வேகமாக ஒரு திட்டம் போட்டார்: சில்லர்களை மாற்றுவது, சான்றிதழ் வாங்குவது, அதற்கான செலவை ஒரு பசுமைக் கட்டணமாக எல்லோர் வாடகையிலும் ஏற்றுவது. சுற்றறிக்கை போன ஒரு வாரத்துக்குள் ஆறு வாடகைதாரர்கள் எழுத்தில் மறுப்புத் தெரிவித்துவிட்டார்கள். கடிதம் எழுதிய மென்பொருள் நிறுவனமும் அந்த ஆறில் ஒன்று.

பொறியியல் ஆலோசகர்களான எங்களை அழைத்தது புதிய சில்லர்களைத் தேர்வு செய்து தருவதற்காக. ஆனால் இந்தச் சண்டை தீராமல் எந்த சில்லரும் மாடிக்கு ஏறப்போவதில்லை என்று வந்ததுமே தெரிந்தது.

யார் என்ன நினைத்தார்கள்

உரிமையாளரின் நிலைப்பாடு எளிது. "பசுமை வேண்டும் என்று கேட்டது அவர்கள். காசு என்று வந்தால் மட்டும் என்னைப் பார்க்கிறார்கள்." சான்றிதழ் இருந்தால் வாடகையை உயர்த்தலாம், காலித் தளமும் போய்விடும் என்று நம்பினார். சூழல் மீது அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் போடுகிற பணம் எந்த வழியில் திரும்பி வரும் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

வாடகைதாரர்கள் பக்கம் ஒரே குரல் இல்லை. அதைப் பிரித்துப் பார்த்ததுதான் இந்த வேலையிலேயே அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறேன். மென்பொருள் நிறுவனத்தில் மட்டும் மூன்று வகைப் பேர் இருந்தார்கள். தலைமையகத்தில் சொத்துகளைக் கவனிக்கும் அதிகாரிக்குச் சான்றிதழின் பெயரும் நிலையும் தேவை, ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். உள்ளூர் நிதிப் பொறுப்பாளருக்குச் சதுர அடிக்கு ஆகும் மொத்தச் செலவு கூடக் கூடாது. தினமும் அங்கே வந்து உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டும் தெரியாது. "உங்கள் இடத்தில் எது உங்களைத் தொந்தரவு செய்கிறது?" என்ற ஒரே கேள்வியோடு ஒரு சின்னக் கருத்துக்கேட்பு நடத்தினோம். குளிர், மூச்சடைக்கிற மீட்டிங் அறைகள், மதியத்துக்கு மேல் மேற்குக் கண்ணாடி வழியாக முகத்தில் அடிக்கும் வெயில் என்று பதில்கள் வந்தன. சான்றிதழ் என்ற சொல்லை ஒருவர்கூட எழுதவில்லை.

தணிக்கை நிறுவனத்தின் மூத்த பங்குதாரர் எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தார். "மாலை ஏழு மணிக்கு நாங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறோம். கால் சென்டர் விடிய விடிய ஏசி போடுகிறது. அந்தக் கணக்கில் எங்களுக்கும் பங்கு. இதில் பசுமைக் கட்டணம் வேறா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பசுமைக்கு எதிரானவர் என்று நிர்வாகம் அவருக்கு முத்திரை குத்தியிருந்தது. கணக்கு சரியில்லை என்பதைத் தவிர அவர் வேறெதையும் சொல்லவில்லை.

கால் சென்டர் எதுவும் பேசவில்லை. இருக்கும் ஏற்பாடு அவர்களுக்குச் சாதகம் என்பது அவர்களுக்கே தெரியும்.

அளந்து பார்த்தபோது

பேச்சை நிறுத்திவைத்துவிட்டு, சில வாரங்கள் மீட்டர்களையும் உணரிகளையும் பொருத்தி அளந்தோம். எதிர்பாராத விஷயங்கள் மூன்று.

முதலாவது, காற்று. வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு, இருக்கும். ஆட்கள் நிறைந்த அறையில் அது கூடுவது இயல்பு, ஆனால் ஆறாம் தளத்து மீட்டிங் அறைகளில் ஒரு மணி நேரக் கூட்டம் முடிவதற்குள் 1,600-ஐத் தாண்டியது. புதுக்காற்று போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஏ.எச்.யு. அறைக்குள் போய்ப் பார்த்தால் வெளிக்காற்று வரும் வழியைத் திறந்து மூடும் டேம்பரின் கையை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. கம்பி துருப்பிடித்திருந்தது, அதன் மேல் தூசி படை படையாக அப்பியிருந்தது. நேற்று முந்தாநாள் கட்டியதல்ல. கூட வந்த டெக்னீஷியன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரு கோடையில் சில்லர் லோடு இழுக்கவில்லை சார். வெளிக்காற்றை மூடச் சொன்னார்கள். அப்புறம் திறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை." மொத்தம் ஐந்து தளங்களில் இதே நிலை.

இதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. பராமரிப்புக் குழு தன் புத்தியில் மின்சாரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. அதற்கான விலையை உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தலைவலியாகவும் தூக்கக் கலக்கமாகவும் கொடுத்துவந்திருக்கிறார்கள், காரணம் தெரியாமலே.

இரண்டாவது, இரவு லோடு. கால் சென்டருக்காக ஒரு சில்லர் இரவில் ஓடத்தான் வேண்டும். ஆனால் அது தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான லோடுக்காக ஓடிக்கொண்டிருந்தது. பழைய நிலைவேக சில்லரும் பம்புகளும் அந்த நிலையில் மிக மோசமாக மின்சாரம் தின்னும். இன்னொன்றும் தெரிந்தது. பூட்டிப் போகிற நான்காம் தளத்தின் ஏ.எச்.யு.-வும் இரவு முழுக்க ஓடியது. தணிக்கை நிறுவனம் ஒரு மூலையில் ஒரே ஒரு சர்வர் ரேக் வைத்திருந்தது. அது சூடாகாமல் இருக்க முழுத் தளத்தையும் 18 டிகிரிக்குக் குளிர்வித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறைக்கு மட்டும் சின்னதாக ஒரு தனி ஏசி போட அவர்கள் முன்பே அனுமதி கேட்டிருந்தார்கள். வெளி யூனிட் கட்டடத்தின் முகப்பைக் கெடுக்கும் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார்.

மூன்றாவது, செட்பாயிண்ட், அதாவது ஏசிக்குக் குறித்துவைக்கும் வெப்பநிலை. பெரும்பாலான தளங்களில் 20 அல்லது 21. ஐந்தாம் தளத்தின் கிழக்குப் பக்கம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள், மேற்குப் பக்கம் மேசை விசிறி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரிந்தது: வாடகைதாரர் பின்னால் எழுப்பிய கண்ணாடிக் கேபின்கள் காற்று திரும்பும் வழியை அடைத்துவிட்டன, தெர்மோஸ்டாட்டும் ஒரு கேபினுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இந்த அளவீடுகளை எல்லா வாடகைதாரர்களையும் கூட்டி ஒரே அறையில் வைத்துக் காட்டச் சொன்னோம். டேம்பர் படத்தைக் காட்ட உரிமையாளருக்கு விருப்பமில்லை. மேலாளர்தான் அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். அன்று படத்தைக் காட்டியதும் அறை சூடானது உண்மை. ஆனால் உரிமையாளர் தன் பக்கத்துக் குறையைத் தானே மேசையில் வைத்ததால், அடுத்து சர்வர் ரேக் விஷயம் வந்தபோது தணிக்கைப் பங்குதாரரும் மறுத்துப் பேசவில்லை.

முதலில் எடுத்த முடிவு, சில்லர் வாங்குவதைத் தள்ளிவைப்பது. இருக்கும் லோடை வைத்து சில்லர் தேர்ந்தெடுத்தால் வீணாவதற்கும் சேர்த்துக் கொள்ளளவு வாங்க வேண்டிவரும். அதனால் காசு அதிகம் ஆகாத சீர்திருத்தங்கள் முன்னால் வந்தன: டேம்பர்களைத் திறந்து சரிசெய்வது, ஏ.எச்.யு. ஓடும் நேரத்தை முறைப்படுத்துவது, சர்வர் அறைக்குத் தனி ஏசி, தெர்மோஸ்டாட்டுகளை இடம் மாற்றுவது, செட்பாயிண்டை 24-க்குக் கொண்டுவருவது. சர்வர் ஏசியின் வெளி யூனிட்டை மொட்டை மாடியில் வைக்க உரிமையாளர் அனுமதித்தார். இவை எல்லாவற்றுக்கும் செலவு அவருடையது. வாடகைதாரரிடம் கை நீட்டுவதற்கு முன் தன் பங்கைச் செய்து காட்ட வேண்டும் என்ற எங்கள் வாதத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, தளத்துக்குத் தளம் பி.டி.யு. மீட்டர். ஒவ்வொரு தளமும் குளிர்நீரிலிருந்து எவ்வளவு குளிர்ச்சியை எடுக்கிறது என்று அளக்கும் மீட்டர் இது. லாபி, லிஃப்ட், குழாய்களில் ஏற்படும் இழப்பு போன்ற நிலையான செலவைச் சதுர அடிக் கணக்கிலேயே விட்டோம். மீதியைப் பயன்பாட்டுக் கணக்கில் பிரிப்பது என்று முடிவாயிற்று. முழுவதையும் பயன்பாட்டுக்கு மாற்றச் சொன்ன தணிக்கை நிறுவனத்திடம், யாரும் இல்லாத தளத்துக்கும் லிஃப்ட் போகிறது என்பதை விளக்கினோம். கால் சென்டர் இப்போதுதான் வாயைத் திறந்தது. அவர்கள் பங்கு கணிசமாக உயரும். ஆகவே முதல் ஆண்டில் பாதிப் பழைய முறை, பாதிப் புதிய முறை என்று படிப்படியாகக் கொண்டுபோக ஒப்புக்கொண்டோம்.

மூன்றாவதுதான் சிக்கலானது: சில்லருக்கான செலவு. இங்கே ஒரு முன்மாதிரி கைகொடுத்தது. நியூயார்க்கில் 2011-இல் இதே சிக்கலுக்காக ஒப்பந்தப் பிரிவு ஒன்றை உருவாக்கினார்கள். கட்டடத்தை மேம்படுத்த உரிமையாளர் முதலீடு செய்யலாம். எவ்வளவு மிச்சமாகும் என்று ஒரு சுதந்திரமான பொறியாளர் மதிப்பிடுவார். அந்த மதிப்பீட்டில் 80 சதவீதம் வரை மட்டுமே ஆண்டுதோறும் வாடகைதாரரிடம் வசூலிக்கலாம், முதலீடு திரும்பும்வரை. மீதி 20 சதவீதம் வாடகைதாரருக்கான பாதுகாப்பு: மதிப்பீடு கொஞ்சம் பிசகினாலும் அவர் கையிலிருந்து கூடுதலாகப் போகாது. பசுமைக் கட்டணத்தை எதிர்த்த நிதிப் பொறுப்பாளர் இந்தப் பிரிவை இரண்டு முறை படித்துவிட்டு, "இதில் எங்கள் பில் இன்று இருப்பதைவிடக் கூடுமா?" என்று கேட்டார். மிச்சம் மதிப்பீட்டில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் கூடும் என்றோம். எங்களிடமிருந்து தனியாக வேறொரு பொறியாளர் மதிப்பிட வேண்டும் என்று அவர் கேட்டார். சரி என்றோம். கேட்டதில் தவறே இல்லை.

நான்காவது, சான்றிதழைக் கடைசிக்குத் தள்ளினோம். உரிமையாளரின் விற்பனை ஆலோசகருக்கு இதில் வருத்தம். பிரிட்டனில் 1990-இல் வந்த பிரீயாம், பின்னால் அமெரிக்காவில் வந்த லீட் ஆகிய பசுமைச் சான்றிதழ் முறைகள் முதலில் புதுக் கட்டடங்களின் வடிவமைப்பை மதிப்பிடவே பெயர்பெற்றன. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கட்டடத்துக்கு நிஜமான பயன்பாட்டுக் கணக்கு வேண்டும். ஆஸ்திரேலியாவின் நாபர்ஸ் என்ற மதிப்பீட்டு முறை 12 மாத மின்கணக்கை வைத்து நட்சத்திரம் தருகிறது, உரிமையாளரின் பொறுப்பில் இருக்கும் பொது அமைப்புகளுக்கும் வாடகைதாரரின் தளத்துக்கும் தனித்தனி மதிப்பீடே வைத்திருக்கிறது. அந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. டேம்பர் கம்பியால் கட்டப்பட்டிருக்கும்போது வாசலில் ஒரு சான்றிதழை மாட்டியிருந்தால், அது உள்ளே இருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயமாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது

முதல் மாதம் மின்கணக்கு குறையவில்லை, சற்று ஏறியது. வெளிக்காற்று உள்ளே வந்தால் அதையும் குளிர்விக்க வேண்டும், லோடு கூடும். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால் பெரிய கூச்சல் எழவில்லை. மீட்டிங் அறைகளில் கரியமில வாயுவின் அளவு கூட்ட நேரத்திலும் 1,000 பிபிஎம்முக்குக் கீழே நின்றது. அதைக் காட்டும் சிறு திரைகளை அறை வாசலில் வைத்தோம். ஊழியர்கள் அதைப் படமெடுத்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டதாக மேலாளர் சொன்னார்.

24 டிகிரிக்கு மாற்றியதும் புகார்கள் வந்தன. வரத்தான் செய்யும். வெப்பச் சொகுசுக்காக ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த ஆஷ்ரே 55 தரமுறையே 80 சதவீதம் பேர் திருப்தியாக இருக்க வேண்டும் என்பதைத்தான் இலக்காக வைக்கிறது. நன்றாக ஓடும் கட்டடத்திலும் ஐந்தில் ஒருவர் முகம் சுளிக்கலாம். கிழக்குப் பக்கத்துப் புகார்கள் சில நாட்களில் அடங்கிவிட்டன, குளிர் பற்றிய பழைய புகார்களும் கூடவே நின்றன. ஏழாம் தளத்தின் மேற்குப் பக்கம் மட்டும் அடங்கவில்லை. அது மனப்பழக்கமல்ல, நிஜமான வெயில். அங்கே 23-க்கு இறக்கி, கண்ணாடிக்கு ஃபிலிமும் திரைகளும் போட்டோம். பாதித் தீர்வுதான் அது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுத்தால்தான் முழுத் தீர்வு.

ஆறு மாதம் கழித்துத் தெரிந்த லோடை வைத்து சில்லர்களைத் தேர்ந்தெடுத்தோம். முதலில் கேட்டபடி ஒரே அளவில் இரண்டு பெரியவை வாங்காமல், பகலுக்கு ஒரு பெரியது, இரவு லோடுக்கு ஏற்ற ஒரு சிறியது, நெருக்கடிக்குக் கைகொடுக்கப் பழையவற்றில் ஒன்று என்று அமைந்தது. பம்புகளுக்கும் ஏ.எச்.யு. விசிறிகளுக்கும் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பொருத்தினோம். விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும் என்பதால், வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தாலே மின்தேவை ஏறக்குறையப் பாதியாகிவிடும். செலவழித்ததில் வேகமாகக் காசைத் திருப்பித் தந்தது இதுதான்.

முழு ஓராண்டுக் கணக்கு வந்தபோது, பொது ஏசி அமைப்பின் மின்பயன்பாடு 27 சதவீதம் குறைந்திருந்தது. சுதந்திரப் பொறியாளரின் மதிப்பீடு 30 சதவீதம். எட்டாத அந்த மூன்று சதவீதத்துக்காகத்தான் ஒப்பந்தத்தில் 20 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. உரிமையாளர் வசூலித்தது 30-இல் 80 சதவீதம், அதாவது 24 சதவீதப் புள்ளிகளுக்கு ஈடான தொகை. வாடகைதாரர்கள் கையில் மூன்று புள்ளி மிஞ்சியது. பெரிய லாபமில்லை, ஆனால் ஒருவரும் நஷ்டப்படவில்லை. மதிப்பீட்டை முழுவதுமாக வசூலித்திருந்தால் அன்றே பழைய சண்டை திரும்பியிருக்கும்.

மென்பொருள் நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது, மூன்று தளங்களுக்குப் பதிலாக இரண்டுக்கு. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்வதுதான் காரணம் என்றார்கள், அதை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. உரிமையாளர் எதிர்பார்த்த வாடகை உயர்வு கிடைக்கவில்லை. ஆனால் எட்டாவது தளத்துக்கு வந்த புதிய வாடகைதாரர் கையெழுத்திடும் முன் ஓராண்டுக் காற்றுத்தரக் கணக்கையும் தளவாரி மின்கணக்கையும் கேட்டுப் படித்தார். அதைக் கொடுக்க முடிந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. சான்றிதழ் அதற்குப் பிறகுதான் வந்தது.

தணிக்கை நிறுவனத்தின் பங்கு குறைந்தது. கால் சென்டரின் பங்கு ஏறியது. அவர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு இரவு ஷிஃப்ட் முழுவதையும் மூன்றாம் தளத்துக்கு மாற்றி, இரண்டாம் தளத்தை இரவில் அணைத்துவிட்டார்கள். இதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. தன் பில்லைத் தன் கண்ணால் பார்த்ததும் தாங்களாகவே செய்தார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதேபோல் இன்னொரு கட்டடத்தில் தொடங்குவதானால், வாடகைப் பேச்சு வருவதற்கு ஓராண்டு முன்பே தளவாரி மீட்டர் பொருத்தச் சொல்வேன். ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அளக்கத் தொடங்கினால் எல்லா எண்ணும் பேரம் பேசும் ஆயுதமாகத் தோன்றும்.

தளத்தின் உள்வேலைக்கான விதிகள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கேபின் எழுப்புகிறவர் காற்றுத் துளைகளையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றியாக வேண்டும், வரைபடத்தைப் பராமரிப்புக் குழு பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். ஐந்தாம் தளத்தில் இதைச் சரிசெய்ய ஆன செலவை உரிமையாளரும் வாடகைதாரரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது.

பராமரிப்புக் குழுவை முதல் கூட்டத்திலிருந்தே உட்கார வைக்க வேண்டும். டேம்பர் ஏன் மூடியிருந்தது என்று அந்த டெக்னீஷியனுக்கு எப்போதோ தெரியும். கேட்க ஆளில்லை. இப்போது மாதாந்தரக் கூட்டத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு, வாடகைதாரர்களின் புகார்களும் நேராக அவருக்கே போகின்றன.

வாடகைதாரர்களின் சொந்த மீட்டரில் ஓடும் விளக்கும் கணினியும் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. அந்தக் கணக்கைப் பகிர மென்பொருள் நிறுவனம் ஒப்புக்கொண்டது, மற்றவர்கள் இன்னும் இல்லை. மேற்குப் பக்கத்துக்கு வெளிப்புற நிழல் தடுப்பு போடுவதற்கான மதிப்பீடு உரிமையாளரிடம் இருக்கிறது, முடிவாகவில்லை. தரைத்தள நிதி நிறுவனம் புதிய பிரிவில் கையெழுத்திட மறுத்துவிட்டது. பழைய ஒப்பந்தப்படி அதற்கு அந்த உரிமை உண்டு, அதன் பங்கை இப்போதைக்கு உரிமையாளரே சுமக்கிறார். இரண்டு ஆண்டில் அந்த ஒப்பந்தம் புதுப்பிப்புக்கு வரும்போது இதே பிரிவைத் தளவாரி மீட்டர் கணக்கோடு சேர்த்து அவர்கள் முன் வைக்க மேலாளர் இப்போதே கோப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறார்.